இழுத்துத் தைத்தால் எத்தனை வருஷம்?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், பாலாறு சோதனைச் சாவடிக்கு அப்பால் காட்டுக்குள் பிரிந்து போனால் கோபிநத்தம். கர்நாடக எல்லைக்குள் இருக்கும் தமிழ் பேசும் ஊர். முன்பு மைசூர் மாவட்டம், 1997-க்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டம். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வரும். முகம்கூட இல்லை, மீசை. கடைசியில் அந்த மீசையையும் கத்தரித்துக்கொண்டு, கண் வைத்தியத்துக்குப் போவதாக நம்பி ஆம்புலன்ஸில் ஏறினார் வீரப்பன் என்பது காவல்துறை சொன்ன கதை. 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே எல்லாம் முடிந்தது.

அந்த மீசையை விட்டுவிட்டு மற்ற முகங்களைப் பார்ப்போம். இந்த மலையடிவார ஊர்களில் முகத்தை வைத்து வயதைக் கணிக்கப் போனால் ஏமாந்துதான் போவோம். ஆட்டுக்குப் பின்னால் பகல் முழுக்க நடப்பவருக்கும், ராகிக் காட்டில் குனிந்தே கிடப்பவருக்கும், கல் உடைத்து வயிறு வளர்த்தவருக்கும் நாற்பத்தைந்து வயதிலேயே நெற்றியில் உழவு ஓட்டினாற்போல் கோடு விழுந்துவிடும். உடன் பிறந்த தங்கை சின்ன வயதிலேயே திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைத்திருப்பாள். இருவரும் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, “பாட்டி, இது உங்க பொண்ணா?” என்று கேட்கும் வெளியூர்க்காரர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். “யாரப் பாட்டிங்கிற சாமி? அவ எனக்கு ரெண்டு வருஷந்தான் எளையவ!”

அக்கா தங்கை விஷயத்தில் நாம் கண்ணால் பார்ப்பதை அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கே வந்த ஒரே கரு இரட்டையர் 186 ஜோடிகளைப் படம் பிடித்து, பஹ்மன் குயூரான் என்ற பிளாஸ்டிக் சர்ஜனின் குழு 2009-இல் முடிவுகளை வெளியிட்டது. மரபணு ஒன்று, முகம் இரண்டு. வெயிலில் அதிகம் இருந்தவர், புகைத்தவர் வயது கூடித் தெரிந்தார்கள். விவாகரத்து ஆனவர்களுக்குக்கூடக் கிட்டத்தட்ட 2 வயது கூடித் தெரிந்ததாம். நாற்பதுக்குக் கீழே சதை போட்டால் வயதாகத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியபின் அதே சதை இளமையாகக் காட்டியது. கன்னம் வற்றினால் கிழடு தட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இப்போது ஆய்வுச் சான்று இருக்கிறது.

இப்படி வயது தெரியும் முகத்தை அறுவையால் தூக்கிவிடுவதுதான் ஃபேஸ்லிஃப்ட். அதைச் செய்துகொள்ள நினைக்கிறவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை வருஷம் நிற்கும்? முகத்தையும் கழுத்தையும் சேர்த்து முறையாகச் செய்த முழு அறுவைக்கு 7 முதல் 10 ஆண்டு என்று சர்ஜன்கள் பொதுவாகச் சொல்வார்கள். ‘மினி’ என்று விற்கப்படும் சிறு அறுவைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இந்தக் கணக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பத்தாம் ஆண்டு முடிந்த மறுநாள் பழைய முகம் திரும்பி வந்து நிற்காது. அறுவை, கடிகார முள்ளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கடிகாரம் ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐம்பத்தைந்தில் செய்துகொண்டவருக்கு அறுபத்தைந்தில் வயது தெரியும். செய்யாமல் விட்டிருந்தால் தெரிந்திருக்கும் வயதைவிடக் குறைவாகத் தெரியும்.

இந்த ஏழும் பத்தும் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 1901-இல் பெர்லினில் ஓய்கன் ஹாலண்டர் என்ற மருத்துவர் போலந்துச் சீமாட்டி ஒருவருக்குச் செய்ததைத்தான் முதல் ஃபேஸ்லிஃப்ட் என்று வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். காதோரமும் முடியோரமும் தோலைப் பட்டையாக வெட்டி எடுத்து விளிம்புகளை இழுத்துத் தைத்தார். பாரிஸில் சுசான் நோயல் என்ற பெண் மருத்துவர் இதையே தன் வீட்டில் வைத்துச் செய்தார். வந்தவர்கள் தையலை முடியாலும் தொப்பியாலும் மறைத்துக்கொண்டு அன்றே வீடு திரும்பினார்கள். 1926-இல் அவர் எழுதிய புத்தகம் அழகு அறுவையின் சமூகப் பங்கைப் பற்றியது. முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிய பெண்களை அவர் அறிந்திருந்தார். அந்தப் பெண்களை ஆடம்பரக்காரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தோலுக்கு இழுவிசை தாங்காது. தொடர்ந்து இழுபட்டால் தானே நீண்டு கொடுக்கும்; கர்ப்பிணியின் வயிற்றுத் தோலில் நடப்பதும் அதுதான். சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டில், தொய்வு திரும்பிவிடும். சர்ஜன் இன்னும் இறுக்கித் தைத்தால் தழும்பு அகலமாகும், வாய் பக்கவாட்டில் இழுபடும். காது மடலின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டி, வடிவிழந்து கீழே இழுபட்டுக் கிடக்கும். இன்றும் ஒருவர் முகத்தில் வேலை எப்படி நடந்திருக்கிறது என்று அறிய, தெரிந்தவர்கள் கன்னத்தைப் பார்க்க மாட்டார்கள், காது நுனியைத்தான் பார்ப்பார்கள். பாரம் முழுவதும் தோலின்மேல் விழுந்திருந்தால் அந்த நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்பம் 1976-இல் வந்தது. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், முகபாவம் காட்டும் தசைகளோடு பின்னிக் கிடக்கும் ஒரு நார் அடுக்கை பாரிஸைச் சேர்ந்த மிட்ஸ், பெரோனி என்ற இருவர் விளக்கி எழுதினார்கள். ‘ஸ்மாஸ்’ என்று இன்று எல்லா சர்ஜன்களும் சொல்வது அதைத்தான். இலவம்பஞ்சு மெத்தை குழிந்து போனால் உறையை இழுத்துத் தைத்துப் பயனில்லை, உள்ளே பஞ்சைத்தானே ஏற்றிவிட வேண்டும்? அதுபோல அடியிலிருக்கும் அடுக்கைத் தூக்கி நிறுத்தி, தோலை அதன்மேல் தளர்வாகப் படுக்கவிட்டார்கள். 1990-இல் டல்லாஸைச் சேர்ந்த சாம் ஹாம்ரா இன்னும் ஆழம் போனார். தோலையும் ஸ்மாஸையும் பிரிக்காமல், எலும்போடு பிடித்துவைத்திருக்கும் நார்க்கட்டுகளை விடுவித்து, மொத்தமாக மேலே நகர்த்தினார். ‘டீப் பிளேன்’ என்று இன்று விளம்பரங்களில் அடிபடுவது இந்த வழிதான். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அதற்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. கை தவறினால் சிரிப்பு கோணலாகும்.

ஆழமாகப் போனால் அதிக நாள் நிற்குமா? ஒரே கரு இரட்டையர் இரண்டு ஜோடியை எடுத்துக்கொண்டு, நான்கு பேருக்கும் நான்கு பெயர்பெற்ற சர்ஜன்கள் தத்தம் முறையில் அறுவை செய்து, பத்து ஆண்டு கழித்துப் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். நான்கு முகங்களும் நன்றாகவே தாங்கியிருந்தன. இந்த முறைதான் வென்றது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. லண்டனில் பேரி ஜோன்ஸ் தன்னிடம் வந்த 50 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அளந்தார். சுமார் ஐந்தரை ஆண்டு கழித்தும் நான்கில் மூன்று பங்கினர் அறுவைக்கு முந்தைய தங்கள் படத்தைவிட இளமையாகத் தெரிந்தார்கள். முதலில் விட்டுக்கொடுத்தது கழுத்து.

முறைகளுக்கு நடுவே வித்தியாசம் குறைவு என்றால், ஆளுக்கு ஆள் இத்தனை வித்தியாசம் ஏன்? அறுவை மேசையில் கிடைக்காத விடை கோபிநத்தத்துக் காட்டில் கிடைக்கும்: வெயில், புகையிலை, பல், பசி.

புகையிலையைச் சொல்ல ஒரு மைசூர்க் கதை தேவைப்படுகிறது. திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய 1792 போரில் கம்பெனிப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் சிறைபிடிக்கப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு போல மூக்கில்லாமல் இருந்துவிட்டு, புனே பக்கம் செங்கல் சூளைச் சாதியைச் சேர்ந்த ஒரு வைத்தியரிடம் போனார். வைத்தியர் மெழுகில் மூக்கு அச்சு செய்து நெற்றியில் விரித்து வைத்து, அளவெடுத்து, அந்தத் தோலை உரித்துக் கீழே திருப்பி மூக்காகப் படியவைத்தார். புருவங்களுக்கு நடுவே ஒரு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார். புதுத் தோலுக்கு ரத்தம் போகும் வாய்க்கால் அதுதான். இந்தச் செய்தி 1794-இல் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில் வந்தது. 1814-இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் அதைச் செய்து பார்த்தார். ‘இந்திய முறை’ என்ற பெயரில் நெற்றித் தோல் மூக்கு இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது.

ஃபேஸ்லிஃப்டில் உரித்துத் தூக்கிய தோலும் அப்படித்தான். ஒரு ஓரத்திலிருந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும். பீடியோ சிகரெட்டோ உள்ளே போனால் அந்த நுண்குழாய்கள் சுருங்கிவிடும். புகைப்பவர்களுக்குக் காதோரத் தோல் கருகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு என்று 1984-இலேயே எழுதியிருக்கிறார்கள். அறுவைக்குச் சில வாரம் முன்பும் பின்பும் நிறுத்தச் சொல்வது அதனால்தான். காயம் ஆறியபின் மறுபடி பற்றவைப்பவருக்குத் தோல் கருகாது. ஆனால் தோலைத் தாங்கும் கொல்லாஜன் மெல்ல உருகும், வாங்கிய பத்து ஆண்டில் பாதியை ஊதித் தள்ளிவிடுவார்.

வெயிலுக்குச் சாட்சி ஒரு லாரி டிரைவர். 69 வயது அமெரிக்கர், 28 ஆண்டு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தொங்கி, பாளம் பாளமாகச் சுருங்கிக் கிடந்த அவர் படம் 2012-இல் ஒரு பிரபல மருத்துவ இதழில் வந்து உலகம் சுற்றியது. தோலைச் சுடும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தோலுக்குள் இறங்கிக் கொல்லாஜனைத் தின்னும் யுவி-ஏ கதிரை விட்டுவிடும். நம் ஊரில் டிரைவர் சீட் வலப்பக்கம். மலைப்பாதையில் பஸ் ஓட்டும் அண்ணன்களின் வலது கன்னத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நமது கறுப்பு நிறம் ஓரளவு குடை பிடிக்கிறது. மெல்லிய சுருக்கம் நமக்குத் தாமதமாக வரும், அதற்குமுன் கரும்படை வந்துவிடும். அதே நிறத்துக்கு ஒரு விலையும் உண்டு: தழும்பு தடித்துப் புடைக்கும் வாய்ப்பு நம்மில் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடம் உருண்டையாக வளர்ந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எலும்பை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வயதாக ஆகக் கண்குழி அகன்று, தாடை உள்வாங்கும். கடைவாய்ப் பற்கள் போனால் தாடை இன்னும் வேகமாகக் கரையும். மேலே எவ்வளவு தூக்கினாலும் அடியில் தாங்க ஆள் இல்லை என்றால் கன்னம் மறுபடி இறங்கத்தான் செய்யும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டில் தோலின் கொல்லாஜன் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. அந்தச் சரிவுக்கு நடுவில் அறுவை செய்துகொண்டால் ஆயுள் குறைவாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. எடை ஏறி இறங்குவதும் அப்படித்தான். 2025 மார்ச்சில் எடை குறைக்கும் மௌன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தபின் மளமளவென்று இளைத்தவர்கள் பலர், கன்னம் வற்றிவிட்டதே என்று கண்ணாடி முன்னால் நிற்கிறார்கள். எடை நிலைக்கும்வரை காத்திருப்பதுதான் அவர்களுக்குக் காசு மிச்சம்.

தமிழ்நாட்டில் முக அறுவை என்றால் சினிமாக்காரர் பெயரைத்தான் கிசுகிசுப்பார்கள். நான் வேலூரை நினைப்பேன். தொழுநோய்க் கிருமி முகத் தோலில் புகுந்து தடிக்கவைக்கும். மருந்தில் கிருமி செத்துத் தடிப்பு வடிந்ததும், விரிந்த தோல் காற்றுப் போன பையாகத் தொங்கும். இருபத்தைந்து வயதுப் பையனுக்குத் தாத்தா முகம். நோய் போனபின்னும் ஊர் சேர்க்காது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்டும் அவரைச் சுற்றி உருவானவர்களும், 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையும் கை கால்களோடு மூக்கையும் புருவத்தையும் சரிசெய்து கொடுத்தார்கள். மிகுந்த தோலை எடுத்து முகத்தைத் தூக்குவதும் தொழுநோய் அறுவையில் ஒரு பகுதியாக இருந்தது. 1982-இல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் அந்த அளவுக்கு முகம் கெடுகிறவர்கள் அரிதாகிவிட்டார்கள்.

இன்று மைசூரு, பெங்களூரு, கோவை, சென்னை என்று எங்கும் போர்டு தொங்குகிறது. பாதிக்குமேல் கத்தியே இல்லாத வேலை. போடாக்ஸ் 3, 4 மாதம். ஃபில்லர் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம். நூல் கோத்துத் தூக்குவது ஓரிரு ஆண்டு. ஒவ்வொன்றும் மலிவாகத்தான் தெரியும். பத்து ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் தெரியாது. ஆண்களும் வருகிறார்கள். தாடித் தோலில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து அவர்களுக்குக் கூடுதல், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் கூடுதல்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரா என்று பாருங்கள். ஆல்பத்தில் ஆறு மாதப் படங்களைக் காட்டுவார்கள். அப்போது எல்லா முகமும் நன்றாகத்தான் இருக்கும். ஐந்து வருஷத்துப் படம் கேளுங்கள். அதே ஆள், அதே வெளிச்சம், காது தெரிய முடியை ஒதுக்கி, கழுத்தில் துப்பட்டா சுற்றாமல்.