இருமுடியில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடப்போகிறீர்களா? 41 நாள் விரதம் எப்படி இருப்பது என்று குருசாமி (குழுவை வழிநடத்தும் மூத்த சாமி) சொல்லித்தருவார். மலையையும் ஆற்றையும் அழுக்காக்காமல் போய்வருவது எப்படி என்று இங்கே பார்ப்போம். அதுவும் விரதத்தில் சேர்ந்ததுதான்.

காட்டைப் பற்றி வனத்துறை கவலைப்படட்டும், பக்தனுக்கு என்ன என்று தோன்றுகிறதா? சபரிமலையைச் சுற்றியுள்ள காட்டைப் பக்தர்கள் 'பூங்காவனம்' என்கிறார்கள். அது ஐயப்பனின் தோட்டம் என்பது நம்பிக்கை. அரசுக் கணக்கில் அது பெரியார் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதி. சன்னிதியில் குப்பை போட நமக்குக் கை வராது. வழிநெடுக உள்ள காடும் அவர் இடம் என்றால், அங்கே மட்டும் எப்படிப் போடலாம்?

ஒரு பிளாஸ்டிக் பை என்ன செய்துவிடும்? வெல்லமும் அவலும் ஒட்டிய பையை மிளா (காட்டில் வாழும் பெரிய மான்) வாசனை பிடித்து அப்படியே விழுங்கிவிடும். பை செரிக்காது, வெளியேறவும் செய்யாது. இரைப்பையிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்திருக்க, மான் பட்டினியில் சாகும். சபரிமலைப் பகுதியில் இறந்த மிளாக்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

சரி, இருமுடியில் (தலையில் சுமந்துபோகும் இரண்டு பக்கக் கட்டு) எதை வைப்பது? முன்முடி (சாமிக்கான பொருள்கள் உள்ள பக்கம்) நெய்த்தேங்காய்க்கு (நெய் நிரப்பிய தேங்காய்) உரியது. அதோடு பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கை போதும். பின்முடி (நமக்கான உணவு உள்ள பக்கம்) பல நாள் காட்டு வழியில் நடந்து, சமைத்துச் சாப்பிட்ட காலத்துக்கு வேண்டியிருந்தது. இன்று பம்பை வரை பஸ் போகிறது. சன்னிதானத்தில் அன்னதானமும் உண்டு. கொஞ்சம் அரிசி வைத்தால் போதும். எல்லாவற்றையும் சின்னத் துணிப்பைகளிலோ காகிதப் பொட்டலங்களிலோ கட்டுங்கள்.

கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் இல்லாமல் இருமுடி குறைபட்டுவிடாதா? குறைபடாது. இவற்றைத் தவிர்க்கலாம் என்று சொன்னவரே கோயிலின் அப்போதைய தந்திரி (பூஜை முறைகளில் முடிவு சொல்லும் தலைமைக் குரு) கண்டரரு ராஜீவரு. அதை ஏற்று, கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் 2024-இல் பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. கொண்டுபோகும் கற்பூரத்தில் பெரும்பகுதி அங்கே குப்பையாகவே சேர்கிறது. கூட்டத்தில் ஏற்றினால் தீ விபத்துக்கும் வழி. ஊரில் கட்டு நிறைக்கும்போதே (இருமுடி கட்டும்போதே) ஏற்றிக் கும்பிட்டுவிடுங்கள்.

நெய்யபிஷேகம் ஆனதும் பிரசாத நெய் வாங்க என்ன செய்வது? கிளம்பும்போதே மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துவையுங்கள். பிளாஸ்டிக் டப்பா தேடி அலைய வேண்டாம்.

பம்பையில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் தொலையும் என்கிறார்களே? அப்படி ஒரு சடங்கே கிடையாது. யாரோ தொடங்கியதைப் பார்த்து மற்றவர்களும் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆற்றில் துணி எறிய 2015-இல் கேரள உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மீறினால் தண்டனை உண்டு. விட்ட துணி பாறை இடுக்கில் சிக்கி, மட்கி நாறும். பம்பை அங்கேயே நின்றுவிடும் ஆறும் அல்ல. குட்டநாட்டு வயல்களைத் தாண்டி வேம்பநாட்டுக் காயலில் போய்ச் சேர்கிறது. வழியில் எத்தனையோ ஊர்களுக்கு அதுதான் தண்ணீர். அதனால் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் இல்லாமல் முங்கிக் குளியுங்கள். ஈரத் துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாளிகைப்புறத்தம்மன் சன்னிதியில் துணி எறிவதும் இப்படித்தான், அதுவும் சடங்கு அல்ல.

மலை ஏறும்போது தாகம் எடுத்தால்? தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். ஏறும் வழியில் தேவஸ்வம் போர்டு சுக்கும் வெட்டிவேரும் பதிமுகமும் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீரை இலவசமாகத் தருகிறது. இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்கும். கையில் ஒரு எவர்சில்வர் பாட்டில் இருந்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

நான் ஒருவன் திருந்தினால் மலை சுத்தமாகிவிடுமா என்று கேட்கலாம். 2011-இல் கேரளக் காவல்துறை அதிகாரி பி. விஜயன் 'புண்ணியம் பூங்காவனம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தரிசனத்துக்கு வந்த பக்தர்களே சிறிது நேரம் குப்பை அள்ளிய சேவை அது. நீங்களும் போகும்போது கொஞ்ச நேரம் ஒதுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், நீங்கள் கொண்டுபோனதை நீங்களே திரும்பக் கொண்டுவந்தால் போதும்.

இன்னொன்று. கன்னிசாமிகள் (முதல் முறை மலைக்குப் போகிறவர்கள்) மூத்த சாமிகள் செய்வதைப் பார்த்துத்தான் செய்வார்கள். துணியை ஆற்றில் விடும் பழக்கமும் அப்படித்தான் பரவியது. எனவே கட்டு நிறைக்கும் நாளுக்கு முன்பே உங்கள் குருசாமியிடம் இதையெல்லாம் பேசிவிடுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் குழுவில் உள்ள அத்தனை சாமிகளும் கேட்பார்கள்.