கொதிக்க வைத்தாலும் போகாத குரோமியம்

ஹஜ்ஜுப் பெருநாளில் மதரஸாவுக்கு நாம் கொடுக்கும் குர்பானித் தோல் உப்பிடப்பட்டு, பல கை மாறி, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை போன்ற ஊர்களுக்குப் போகிறது. முன்பு அங்கே ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை. குரோமிய உப்பு வந்த பிறகு ஓரிரு நாளில் முடிந்தது. நம் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். ஆகவே இது தொழிலைப் பழிக்கும் கட்டுரை அல்ல.

குரோமியம் ஓர் உலோகம். காய்கறிக் கழிவைப் போல மக்கிப் போகாது. நூறு ஆண்டானாலும் மண்ணில் அப்படியே இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிட உதவும் மூன்றிணைதிற குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிணைதிற குரோமியம்தான் ஆபத்தானது. அது கரைந்து நிலத்தடி நீரோடு நகரும். மீனின் செவுளையும் பயிரின் வேரையும் கெடுக்கும். அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும்.

ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. கழிவு போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் மலையாகக் கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் மஞ்சள் நீராகக் கசிந்தது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊர் இடம்பெற்றது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. பயன்படுத்திய குரோமிய நீரைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் படியவைத்து, மறுபடி பதனிடப் பயன்படுத்தவும் முடியும். இவையெல்லாம் இனி வரும் கழிவுக்குத்தான். ஏற்கெனவே மண்ணில் இறங்கியதை எடுப்பது மிகக் கடினம்.

ஆலைப் பகுதியில் கிணறோ போர்வெல்லோ வைத்திருப்போர் கவனிக்க: நீர் தெளிவாக இருப்பதால் குரோமியம் இல்லை என்று ஆகாது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவில் நிறமே தெரியாது. கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும், குரோமியம் தங்கிவிடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுக்கும்போது குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும். நீக்கியதெல்லாம் அது வெளியேற்றும் கழிவுநீரில்தான் இருக்கும்; அதைக் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம்.