லாரிக் கண்ணாடியும் அதன் அதிர்வும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலிலே 'கண்ணாடிக் கிணறு' என வழங்கும் கிணறு ஒன்று உண்டு. இறைவற்கெனத் தொடுத்த மாலையைத் தானே சூடி, அக்கிணற்று நீரிலே கோதை தன் வடிவைக் கண்டு மகிழ்ந்தாள் என்பது அவ்வூரார் கூறும் வரலாறு. நீர் அசையாதிருந்தாலன்றி அதில் முகம் தோன்றாது. சிறு கல் ஒன்று விழினும் உருவம் சிதறிப்போம். இவ்வுண்மை அவ்வூர் வழியே இரவும் பகலும் ஓடும் லாரிகளின் கண்ணாடிக்கும் பொருந்துவதாகும்.

திருமங்கலத்தினின்றும் புறப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்வது 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பஞ்சுப் பொதி, நூல், தேங்காய், வைக்கோல் முதலியன ஏற்றிய வண்டிகள் அதிலே ஓயாது செல்கின்றன. சிலவற்றின் பாரம் சாரதி அமரும் அறையினும் அகன்றது. டிராக்டர் இழுக்கும் டிரெய்லரோ டிராக்டரினும் அகன்றது. ஆதலின் வண்டியுடன் வந்த சிறு கண்ணாடி பின்வழியைக் காட்டாது பாரத்தையே காட்டும். அதுபற்றியே உரிமையாளர் கடையில் நீண்ட கையுடைய கண்ணாடிகளை வாங்கிப் பூட்டுகின்றனர். கை நீளுந்தோறும் ஆட்டமும் மிகும். ஒரு கம்பியின் நீளத்தை இருமடங்காக்கின், நுனியில் தொங்கும் அதே பளு அதனை எட்டு மடங்கு வளைக்கும் என்பது பௌதிக நூலார் முடிபு.

ஆட்டத்தால் வரும் கேடு யாது? கண்ணாடி ஒரு பாகை திரும்பின், அதிற்பட்டு மீளும் கதிர் இரு பாகை திரும்பும். முப்பது மீட்டர் பின்னே அது ஏறக்குறைய ஒரு மீட்டராகும். ஒரு சைக்கிளும் அதன்மேல் அமர்ந்த பள்ளிச் சிறுவனும் அவ்வொரு மீட்டரில் அடங்கிவிடுவர்.

இஃது இன்று நேற்று அறிந்த குறையன்று. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த முதல் 500 மைல் கார்ப் பந்தயத்தில் ரே ஹாரூன் என்பவர் வென்றார். மற்றையோர் பின்புறம் நோக்கிச் சொல்ல ஒரு மெக்கானிக்கை உடன்கொண்டனர். அவரோ கண்ணாடி ஒன்றைப் பொருத்தித் தனியே ஓட்டினார். ஆயினும், செங்கல் பாவிய அப்பாதையில் கண்ணாடி ஓயாது குலுங்கியமையால் பெரும்பாலும் பயன்படவில்லை எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டாராம். நம் நாட்டில் அம்மெக்கானிக்கின் இடத்தில் கிளீனர் இருந்து, இடப்புறம் தலைநீட்டிக் குரல் கொடுப்பார். கிளீனரின்றி ஓடும் லாரிகளிலே அவ்வேலையும் கண்ணாடியின்மேல் விழுகின்றது.

நிற்க. சென்ற விடுமுறையில் இராஜபாளையத்துப் பட்டறை ஒன்றில் ஒரு காலைப்பொழுது யாம் அமர்ந்திருந்தோம். 'கடகட'வென ஒலிக்கும் கண்ணாடியோடு ஒரு லாரி வந்தது. சாரதி அதன் கூட்டினுள்ளே கந்தைத் துணியைத் திணித்திருந்தார். முதியவரான மேஸ்திரி அதனை உருவி எறிந்து, "அண்ணாச்சி, சத்தத்த அமுக்கிட்டா ஆட்டம் நின்னுருமா?" என்றார். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, எம்மை வண்டியின் பின்னே முப்பது அடி தள்ளி நிற்கச் செய்து, "என்ன தெரியுது?" என வினவினார். "வெள்ளையா ஏதோ ஆடுது" என்றார் சாரதி. அவ்வெள்ளை யாமே.

ஒலி பிறக்கும் இடத்தைக் கையே காட்டிக்கொடுக்கும். அடித்தகடு, கை, கூடு, கண்ணாடி என ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிக்கவேண்டும். எதைப் பிடிக்க ஒலி அடங்குகின்றதோ அதுவே குற்றவாளி. அடித்தகடாயின், கதவின் மெல்லிய தகட்டுக்குப் பின்னே கெட்டித் தகடொன்று வைத்து, நடுவே ரப்பர் இட்டு, ஸ்பிரிங் வாஷரோடு போல்ட்டை முறுக்குதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி முறுக்கின் பிளாஸ்டிக் வெடிக்கும். கையாயின், தேய்ந்த புஷ்ஷை மாற்றுதலோடு, கையின் நடுவிலிருந்து கதவுக்கு ஒரு தாங்குகம்பி கொடுத்தல் நன்று. கண்ணாடியே கூட்டினுள் ஆடின், விளிம்பில் மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டுதல் போதும்.

அன்று ஒலித்தவை இரண்டு: தளர்ந்த போல்ட்டு ஒன்று, கூட்டினுள்ளே கட்டப்படாது தொங்கிய இன்டிகேட்டர் ஒயர் மற்றொன்று. ஆடும் ஒயர் ஒலிப்பதோடு நில்லாது, தகட்டு விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்து, ஒருநாள் பியூஸைப் போக்கும். பியூஸ் இல்லையேல் தீயையே மூட்டும். ஆதலின் ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் இடவேண்டும். கதவு திறந்து மூடும் இடத்தில் சிறிது தளரவிட்டு, ஏனைய இடங்களில் இறுகக் கட்டவேண்டும். துளைக்கு வெளியே ஒயரைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்துப் பின் உள்ளே செலுத்தின், மழைநீர் அவ்வளைவிற் சொட்டிப்போம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலிற் பசை இளகிப் பிரியும். லக் வைத்து அழுத்தி, மேலே ஸ்லீவ் மாட்டுதலே நிலைக்கும். பெரும்பாலான லாரிகளில் ஓடுவது 24 வோல்ட். 12 வோல்ட்டுக்குரிய விளக்கைப் பூட்டின் அது கருகிவிடும்.

வேலை முடிந்தபின் மேஸ்திரி மீண்டும் எம்மை அதே இடத்தில் நிறுத்தினார். எஞ்சின் உறுமியது. "தம்பி கையில புத்தகம் வச்சிருக்காரு" என்றார் சாரதி.

செலவானது ஒரு போல்ட்டு, சில வாஷர், இரண்டு முழம் ஒயர், ஒரு மணி நேரம். அதற்குமுன் அச்சாரதிக்கு யாம் ஆடும் வெள்ளை. அதன்பின் ஒரு மனிதர். இருளிலும் மழையிலும் லாரியின் பின்னே சைக்கிளில் வருவோர் யாவரும் இவ்விரண்டில் ஒன்றாகவே சாரதியின் கண்ணுக்குத் தோன்றுவர். எதுவாகத் தோன்றுவர் என்பதை அச்சிறு போல்ட்டு முடிவு செய்கின்றது.