பழத்தில் இருக்கும் பெயர் யாருடையது?

திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கப் போகிறவர்கள் 'ஜி-9' என்று கேட்டு வாங்குகிறார்கள். அதன் முழுப் பெயர் 'கிராண்ட் நைன்'. பிரெஞ்சு மொழியில் 'பெரிய குள்ளன்' என்று அர்த்தம். குள்ளரகத்தில் கொஞ்சம் உயரமானது என்பதால் வந்த பெயர் அது. இந்த ஜி-9, ரொபஸ்டா இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. அதுதான் 'கேவண்டிஷ்'. கம்பம் பள்ளத்தாக்கில் தார் வெட்டி, சீப்புப் பிரித்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வாழை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கேவண்டிஷ் என்பது ஊர்ப் பெயர் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஓர் ஆளின் பெயர். இங்கிலாந்தில் டெவன்ஷயரின் 6-ம் கோமகன் என்ற பட்டத்தோடு வாழ்ந்த வில்லியம் கேவண்டிஷ் என்ற பெரும் பணக்காரர் அவர். வாழைக்குக் குழி எடுத்தவரும் இல்லை, தண்ணீர் கட்டியவரும் இல்லை. அவருடைய சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். பனி கொட்டும் ஊரில், வெந்நீர்க் குழாய் ஓட்டிச் சூடாக்கிய கண்ணாடிக் கூடாரத்தில், மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த வாழையை வளர்த்து, 1835-ல் பூக்க வைத்தார் அவர். இன்று நாம் பசுமைக்குடில் என்று மானியத்துக்கு எழுதிப் போடுகிறோமே, அந்த வேலையை 190 வருடங்களுக்கு முன்பே செய்த கில்லாடி. பழம் வந்ததும் பெயர் வைக்கும் நேரம் வந்தது. எஜமானரின் குடும்பப் பெயரே 'மூசா கேவண்டிஷி' என்று வாழைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாழையின் பூர்வீகம் தென் சீனா. அங்கே தலைமுறை தலைமுறையாக அதைப் பக்கக்கன்று எடுத்து நட்டு வந்த குடியானவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து பசிபிக் தீவுகளுக்குப் போன கன்றுகள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவின. ஆனாலும் 1950-கள் வரை உலகச் சந்தையில் ராஜா 'குரோஸ் மிஷல்' என்ற வேறு ரகம்தான். பனாமா வாடல் நோய் அதைத் தோட்டம் தோட்டமாகச் சாய்த்த பிறகு, அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது அதே பூஞ்சணத்தின் 'டிஆர்-4' என்ற புது வகை கேவண்டிஷையும் தாக்குகிறது. பீகார், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் பூஞ்சணம் இது. மருந்து ஊற்றித் தீர்க்க முடியாது. வாடல் வந்த தோட்டத்திலிருந்து கன்று எடுக்கக்கூடாது. அந்தத் தோட்டத்தில் புழங்கிய மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய சேறு எல்லாவற்றையும் கழுவிய பிறகே நம் நிலத்துக்குள் விட வேண்டும். சந்தேகம் இருந்தால் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்கலாம்.

மூட்டை சுமந்த பெண்

பள்ளிக்கூட வாசலிலும் பெட்ரோல் பங்க் ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் காகிதப்பூவுக்கு 'போகன்வில்லா' என்று பெயர். லூயி அந்த்வான் த போகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தளபதியின் பெயர் அது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த அவருடைய பயணத்தில், தாவரங்களைச் சேகரிக்கப் பிலிபேர் கொம்மெர்சோன் என்ற அறிஞர் கூடப் போனார். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தக் கொடியைச் சேகரித்து, தளபதியின் பெயரைச் சூட்டினார்கள்.

கொம்மெர்சோனுக்குக் காலில் புண். மலையேற முடியாது. அவருக்காக மேட்டிலும் காட்டிலும் ஏறி, செடி பறித்து, அழுத்திக் காயவைக்கும் பலகைகளையும் மூட்டைகளையும் சுமந்தவர் அவருடைய உதவியாளர். அந்த உதவியாளர், ஆண் வேடம் போட்ட ஒரு பெண்! பெயர் ழான் பாரே. பிரான்ஸின் கிராமப்புறத்தில் கூலி விவசாயக் குடும்பத்தில் 1740-ல் பிறந்தவர். கடற்படைக் கப்பலில் பெண் ஏறக்கூடாது என்பது அன்றைய சட்டம் என்பதால் இந்த வேடம். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று வரலாறு இன்று குறிப்பது அவரைத்தான். நடுவழியில் வேடம் கலைந்தது. கொம்மெர்சோன் மொரீஷியஸில் இறந்துபோனார். பாரே 1770-களின் நடுவில்தான் பிரான்ஸ் திரும்பினார். 1785-ல் கடற்படை அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. ஆனால், அந்தப் பயணத்தில் சேர்த்த ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்றுகூட அவர் பெயரில் நிலைக்கவில்லை.

அந்தக் குறை 2012-ல்தான் தீர்ந்தது. தென் அமெரிக்காவில், ஈக்வடார், பெரு நாடுகளில் கண்டறிந்த ஒரு கொடிக்கு 'சொலானம் பாரேட்டியே' என்று தாவரவியலாளர்கள் பெயர் வைத்தார்கள். சொலானம் என்றால் நம் கத்தரி, சுண்டை, மணத்தக்காளியின் இனம். கூலிக்காரர் மகளுக்கு 200 வருடங்களுக்கு மேல் கழித்துக் கிடைத்த மரியாதை, கத்தரிக்காயின் பங்காளியாக வந்திருக்கிறது.

வளர்த்தவர் பெயரே நிலைத்த கதைகளும் உண்டு. கடையில் பச்சை நிறத்தில் இருக்கும் புளிப்பு ஆப்பிளை 'கிரானி ஸ்மித்' என்று விற்கிறார்கள். 'ஸ்மித் பாட்டி' என்று பொருள். மரியா ஆன் ஸ்மித் என்பவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே பழத்தோட்டம் வைத்திருந்தவர். ஓடைக்கரையில் கொட்டிய பழக்கழிவிலிருந்து தானாக முளைத்த கன்று ஒன்றைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்து, 1868-ல் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். 2 வருடத்தில் காலமாகிவிட்டார். தன் ஆப்பிள் உலகச் சந்தைக்குப் போனதைப் பார்க்கவில்லை.

பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை

அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தைப் பற்றிக் கேட்கும் விவசாயிகள் இப்போது அதிகம். கொடைக்கானல் கீழ்மலையில் காப்பிக்கு இடையே இருக்கும் மரம்தான். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'டிகேடி-1' நம் மலைக்கு ஏற்ற ரகம். ஆனால், உலகச் சந்தையில் பெரும்பங்கு 'ஹாஸ்' என்ற ரகத்துக்குத்தான். தோல் கரடுமுரடாக, பழுத்தால் கருநிறமாக மாறும்.

ருடால்ஃப் ஹாஸ் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தபால்காரர். 1920-களில் சிறிய தோட்டம் ஒன்றை வாங்கி, விதை போட்டுக் கன்று வளர்த்து, அதில் அன்று பெயர்பெற்ற 'ஃபுயர்டே' ரகத்தை ஒட்டுக் கட்டினார். ஒரு கன்றில் மட்டும் ஒட்டு சேரவே இல்லை. வெட்டி எறிய நினைத்தவரை, ஒட்டுக் கட்டிய ஆள் தடுத்து, 'கன்று திடமாக இருக்கிறது, விட்டுப் பாருங்கள்' என்று சொல்லியிருக்கிறார். அது காய்த்த பழம்தான் ஹாஸ்.

1935-ல் அந்த மரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு நர்சரிக்காரரோடு ஒப்பந்தம் போட்டார். கன்று விற்ற பணத்தில் கால்பங்கு ஹாஸுக்கு, முக்கால்பங்கு நர்சரிக்கு. அதற்குப் பிறகு நடந்தது நம் ஊரிலும் நடப்பதுதான். விவசாயிகள் ஒரு கன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போய், அதிலிருந்து குச்சி வெட்டித் தோட்டம் முழுக்க ஒட்டுக் கட்டிக்கொண்டார்கள். காப்புரிமை மூலம் ஹாஸுக்கு வாழ்நாளில் கிடைத்த மொத்தத் தொகை சுமார் 5,000 டாலர்தான் என்கிறார்கள். தபால் வேலையை அவர் விடவே இல்லை. 1952-ல் காப்புரிமை முடிந்தது. அதே ஆண்டில் அவரும் இறந்தார். தாய்மரம் வேரழுகல் நோயோடு போராடி, 2002-ல் வெட்டப்பட்டது.

மாம்பழத்திலும் பெயர் விளையாட்டு உண்டு. அல்போன்சா, போர்த்துகீசியத் தளபதி அஃபோன்சோ டி அல்புகர்க் பெயரில் வந்தது என்பார்கள். உத்தரப்பிரதேசத்தின் மலிஹாபாத்தில் ஒரே மரத்தில் 300 ரகங்களுக்கு மேல் ஒட்டுக் கட்டி, பத்மஸ்ரீ விருது வாங்கியவர் ஹாஜி கலீமுல்லா கான். தான் உருவாக்கிய ரகங்களுக்கு சச்சின், ஐஸ்வர்யா என்று பிரபலங்களின் பெயர்களை வைக்கிறார். பெயர் வைக்கும் உரிமை அவர் கையில் இருப்பதால் வைக்கிறார். அந்த உரிமை எல்லோர் கையிலும் இருப்பதில்லை.

கைக்கடிகாரத்தின் பெயரில் ஒரு நெல்

மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டம், நாந்தேட் கிராமத்தைச் சேர்ந்த தாதாஜி ராமாஜி கோப்ரகடே ஒரு சிறு விவசாயி. படிப்பு மூன்றாம் வகுப்பு. 1983-ல், 'படேல்-3' நெல் போட்ட வயலில் சில கதிர்கள் மட்டும் வேறு மாதிரி நிற்பதைப் பார்த்தார். நாமாக இருந்தால் 'கலப்பு' என்று பிடுங்கிப் போட்டிருப்போம். அவர் தனியே அறுத்து, தனியே விதைத்து, வருடா வருடம் பிரித்தெடுத்தார். சன்ன ரகம், நல்ல மகசூல், சமைத்தால் ருசி. ஊர்க்காரர்கள் விதை வாங்கிப் போனார்கள். மூட்டையாகச் சந்தைக்கு வந்தபோது நெல்லுக்குப் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் மவுசாக இருந்த எச்எம்டி கைக்கடிகாரத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்.

'எச்எம்டி' நெல் பல மாநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. 1990-களில் மகாராஷ்டிராவின் வேளாண் பல்கலைக்கழகம் ஒன்று அதைத் தூய்மைப்படுத்தி 'பிகேவி-எச்எம்டி' என்று வெளியிட்டது. முதல் மூன்று எழுத்துகள் பல்கலைக்கழகத்தின் பெயர். அடுத்த மூன்று எழுத்துகள் கடிகாரக் கம்பெனியின் பெயர். கதிரைக் கண்டுபிடித்தவருக்கு ஓர் எழுத்துகூட இல்லை. பின்னாளில் அங்கீகாரம் வந்தது. 2005-ல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருதைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கையால் வாங்கினார். இன்னும் பல நெல் ரகங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் ஒன்றின் பெயர் 'டிஆர்கே'. தாதாஜி ராமாஜி கோப்ரகடே என்பதன் முதலெழுத்துகள். இந்த முறை அவர் ஏமாறவில்லை. ஆனால், வறுமை மட்டும் விடவில்லை. 2018 ஜூன் மாதம் காலமானார்.

நம் வயலில் இருக்கும் பெயர்களையும் பாருங்கள். ஏடிடீ என்றால் ஆடுதுறை, ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம், பிகேஎம் என்றால் பெரியகுளம். ரகத்தை உருவாக்கிய நிலையத்தின் பெயரும் எண்ணும்தான் இருக்கும். ஆராய்ச்சியாளர் பெயர் இருக்காது. பலர் சேர்ந்து செய்யும் வேலை என்பதால் அது நியாயமான வழக்கம்தான். தனி விவசாயி கண்டெடுத்த ரகத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது. திண்டுக்கல் மாவட்டத்து விவசாயி உருவாக்கிய 'பிஏவிஎம்' முருங்கையில் இந்த விஷயம் சரியாக நடந்திருக்கிறது. பள்ளப்பட்டி அழகர்சாமி வெள்ளிமலை முருகன் என்பதன் சுருக்கம் அது. ஊர், ஆள், மலை, சாமி என நான்குக்கும் இடம் கொடுத்துவிட்டார்.

உங்கள் ரகத்தைப் பதிவு செய்ய...

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ல் வந்தது. ஒரு விவசாயி, தான் தேர்ந்தெடுத்த ரகத்தையோ, குடும்பத்தில் வழிவழியாகக் காத்து வந்த ரகத்தையோ தன் பெயரில் பதிவு செய்யலாம். டெல்லியில் உள்ள ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விவசாயிகளுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. நெல், பயறு போன்றவற்றுக்கு 15 ஆண்டுகளும், மரம், கொடிப் பயிர்களுக்கு 18 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

விண்ணப்பத்தோடு சேர்க்கும் சான்றில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவரோ, மாவட்ட வேளாண் அதிகாரியோ கையெழுத்துப் போடலாம். மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி இயக்குநரும் போடலாம்.

பெயர் வைப்பதற்கும் விதி இருக்கிறது. வெறும் எண் மட்டும் இருக்கக்கூடாது. ஏற்கெனவே இருக்கும் ரகத்தின் பெயரோடு குழப்பம் வரக்கூடாது. யாருடைய மத உணர்வையும் புண்படுத்தக்கூடாது. ஊர்ப் பெயர் சேர்த்தால், அது நியாயமான காரணத்தோடுதான் என்று பதிவாளர் ஏற்க வேண்டும்.

ரகம் வித்தியாசமாக இருக்கிறது என்று தெரிந்த அன்றே ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். எந்த வயலில், எந்தப் பட்டத்தில் பார்த்தீர்கள், தாய்ப்பயிர் எது, உயரம், வயது, கதிரின் நிறம் என்ன என்று எழுதி, போட்டோவும் எடுத்து வைக்கலாம். வெளியாருக்கு விதை கொடுத்தால், யாருக்கு, என்றைக்கு, எத்தனை கிலோ, எதற்காக என்பதையும் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'சோதனைக்கு மட்டும்' என்றால் அந்த வார்த்தையும் அதில் இருக்கட்டும். பக்கத்து விவசாயிக்கு விதை கொடுப்பதையும் விற்பதையும் சட்டம் தடுக்கவில்லை. பதிவு செய்யப்பட்ட ரகத்தின் விதையை பிராண்டு பெயர் போட்டு விற்பதைத்தான் தடுக்கிறது.

கோப்ரகடே மறைந்த அதே 2018-ல், டிசம்பர் மாதம், திருவாரூர் மாவட்டத்தின் நெல் ஜெயராமனும் மறைந்தார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பர்ய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, விதைத் திருவிழா நடத்தி விவசாயிகளிடம் கொடுத்தவர். எந்த ரகத்துக்கும் அவர் தன் பெயரை வைக்கவில்லை. மாப்பிள்ளைச் சம்பா மாப்பிள்ளைச் சம்பாவாகவும், காட்டுயானம் காட்டுயானமாகவும்தான் இருக்கின்றன. அவர் பெயருக்கு முன்னால்தான் நெல் சேர்ந்துகொண்டது.