உங்களுக்குத் தெரியுமா? டெலிட் செய்தாலும் சிக்குவார்கள்!

ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலை டெலிட் செய்கிறீர்கள். போவது பட்டியலில் இருக்கும் பெயர் மட்டும்தான்! அந்த இடத்தில் வேறு எதுவும் பதிவாகாதவரை, கணினித் தடயவியல் நிபுணர் அதை முழுசாகத் தோண்டி எடுத்துவிடுவார்!

அமெரிக்காவின் விச்சிட்டா வட்டாரத்தில் 10 பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் 31 வருஷம் சிக்கவே இல்லை. 2005-ல் போலீஸிடமே எழுதிக் கேட்டான்: ஃபிளாப்பி அனுப்பினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? 'பயமில்லை, அனுப்பு' என்கிற அர்த்தத்தில் பேப்பரில் விளம்பரம் கொடுத்தது போலீஸ்! நம்பி அனுப்பினான். அந்த ஃபிளாப்பிக்குள் டெலிட் செய்யப்பட்ட ஒரு வேர்டு ஃபைல். அதன் மறைவிவரத்தில் (மெட்டாடேட்டா) ஒரு சர்ச்சின் பெயர், கூடவே 'டென்னிஸ்'! அந்த சர்ச்சின் நிர்வாகக் குழுத் தலைவரே அவன்தான்! ஃபிளாப்பி கைக்கு வந்த பத்து நாளுக்குள் கைது!

கைப்பற்றிய டிஸ்க்கில் நிபுணர்கள் நேரடியாகக் கை வைப்பதில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே சில ஃபைல்களின் தேதி மாறிவிடும்! டிஸ்க்கில் எதுவும் பதிவாகாமல் தடுக்கும் 'ரைட் பிளாக்கர்' மாட்டி, அச்சு அசலாக நகலெடுத்து, அந்த நகலில்தான் தேடல்.

நகல் சரிதானா? 'ஹாஷ்' சொல்லிவிடும்! எத்தனை பெரிய டிஸ்க்காக இருந்தாலும் ஷா-256 முறையில் 64 எழுத்தில் ஒரு கைரேகை. உள்ளே ஒரே ஒரு கமா மாறினாலும் அது மொத்தமாக மாறிவிடும்! 2024 ஜூலை 1 முதல் இந்தியக் கோர்ட்டுகளில் மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் இந்த ஹாஷையும் குறிப்பிட வேண்டும்!

1986. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கு இடித்தது. எவ்வளவு? வெறும் 75 சென்ட்! கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளர் விடாமல் துரத்தினார். கடைசியில் அகப்பட்டவன், மேற்கு ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற ஹேக்கர்!

பல ஆடியோ பதிவுகளில் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கலந்திருக்கும். அது நொடிக்கு நொடி இம்மியளவு ஏறி இறங்கும். லண்டன் போலீஸ் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து, ஒப்பிட்டு, பேச்சு பதிவான நேரத்தையே சொல்லியிருக்கிறது!

2003-ல் விண்ணில் சிதறியது கொலம்பியா விண்வெளி ஓடம். கருகி, டெக்சாஸில் விழுந்து கிடந்த டிஸ்க்கிலிருந்து மீட்கப்பட்ட தகவல்? சுமார் 99 சதவீதம்!

உங்கள் மெமரி கார்டில் கல்யாண போட்டோக்கள் தவறுதலாக டெலிட் ஆகிவிட்டனவா? அதில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே கழற்றி வையுங்கள். பெரும்பாலும் மீட்டுவிடலாம்!