கண்ணுக்குத் தெரியாத எண்

2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற செய்தியாளர் பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய்த் தேர்தல் பத்திரங்கள் இரண்டை வாங்கினார். எந்தக் கட்சிக்கும் கொடுப்பதற்காக அல்ல. அவற்றில் ஒன்றை நேராகத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார். பத்திரத்தைச் சாதாரண வெளிச்சத்தில் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வாங்கியவர் பெயர் இல்லை, தொடர் எண்ணும் இல்லை. புற ஊதா விளக்குக்குக் கீழே வைத்ததும் வலது மேல் மூலையில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் எண் ஒளிர்ந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, இந்தியத் தேர்தல் நிதி குறித்த மிகப் பெரிய வழக்கு இந்த எண்ணில்தான் வந்து முட்டி நின்றது.

எண் எப்படி ஒளிந்திருந்தது? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் நானோமீட்டர். கள்ளநோட்டுப் பிடிக்கும் விளக்குகள் பெரும்பாலும் 365 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத் தருகின்றன; அதை நாம் பார்க்க முடியாது. ஆனால் சில வகை மைகளின் மூலக்கூறுகள் அதை விழுங்கிவிடும். விழுங்கிய மூலக்கூறில் ஓர் எலக்ட்ரான் ஒரு படி மேலே தாவும், வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தை வெப்பமாகச் சிந்தும், மிச்சத்தை ஒளியாக உமிழ்ந்துவிட்டுக் கீழே இறங்கும். ஆற்றல் குறைந்தால் அலைநீளம் நீளும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒளியாக உள்ளே போனது தெரியும் ஒளியாக வெளியே வருகிறது. விளக்கை அணைத்த மறுகணமே ஒளிர்வும் நின்றுவிடும் என்பதால் இதை உடனொளிர்தல் என்கிறார்கள். ரூபாய் நோட்டின் எண்களும் புற ஊதாவில் இப்படித்தான் ஒளிரும். ஆனால் நோட்டின் எண்ணை விளக்கில்லாமலும் படிக்கலாம். பத்திரத்தின் எண்ணை அப்படிப் படிக்க முடியாது.

இனி அந்தப் பத்திரத்தின் கதை. 2017 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரி 2ஆம் தேதி அரசாணையாக வந்த திட்டம் அது. ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என ஐந்து முகமதிப்புகள். விற்பது பாரத ஸ்டேட் வங்கி மட்டும், அதுவும் குறிப்பிட்ட கிளைகளில், குறிப்பிட்ட நாட்களில். வாங்குபவர் தன் அடையாள ஆவணங்களைக் கொடுத்தே ஆக வேண்டும். வாங்கிய பிறகு பதினைந்து நாளுக்குள் கட்சி அதைக் காசாக்க வேண்டும். தவறினால் பணம் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும். கடைசித் தேர்தலில் குறைந்தது ஒரு சதவீத வாக்கு வாங்கிய, பதிவுபெற்ற கட்சிகளுக்கு மட்டுமே இந்த வசதி. கறுப்புப் பணத்தைக் கட்சி நிதியிலிருந்து விரட்டுவதும், கொடுப்பவரைப் பழிவாங்கலிலிருந்து காப்பதும்தான் நோக்கம் என்றது அரசு.

கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதிக்கொள்வார். இங்கே மொய் உண்டு, நோட்டும் உண்டு. ஆனால் நோட்டை வங்கி தன் பூட்டுக்குள் வைத்துக்கொள்ளும். கட்சிக்குத் தெரியாதா என்றால், கோடி ரூபாய் கொடுப்பவர் அதைச் சொல்லாமலா இருப்பார்? விற்ற பத்திரங்களின் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தன. கொடுத்தவர் யாரென்று கட்சி அறிய இடைவெளிகள் இருந்தன, வாக்காளருக்குத்தான் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது என்று உச்ச நீதிமன்றமும் பின்னர் சொன்னது.

இந்தத் திரையைத் தொங்கவிட நிதிச் சட்டம் என்ற ஒரே ஆணியால் நான்கு சட்டங்களைத் துளைத்தார்கள். ரிசர்வ் வங்கிச் சட்டம், வருமான வரிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், கம்பெனிகள் சட்டம். கடைசியானதில் நடந்த மாற்றம் எனக்கு மிக விசித்திரமாகப் படுகிறது. அதுவரை ஒரு கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்தைத்தான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். சராசரி லாபம் பத்து கோடி என்றால் உச்சவரம்பு எழுபத்தைந்து லட்சம். 2017இல் அந்த வரம்பே போனது. அதாவது நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம். லாபம் இல்லாதவரிடம் நன்கொடைப் பணம் எங்கிருந்து வரும் என்று எந்தக் கணக்காளரும் கேட்பார். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையும் சேர்ந்தே நீங்கியது. பெயரில்லாப் பத்திரங்கள் பற்றி ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் 2017லேயே ஆட்சேபம் தெரிவித்திருந்தன.

ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம், காமன் காஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி முதலியோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது சுருக்கமான கேள்வி: கட்சிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டா? அரசியல் சாசனத்தைப் புரட்டினால் அப்படி ஒரு வரி எங்கும் கிடைக்காது. நீதிமன்றம் அதைப் படிப்படியாகக் கட்டி எழுப்பியிருந்தது. பேச்சுரிமை என்றால் கருத்துச் சொல்லும் உரிமை. தகவல் இல்லாமல் கருத்து உருவாகாது. வாக்களிப்பதும் ஒரு கருத்தைச் சொல்வதே. எனவே வாக்களிக்கத் தேவையான தகவல் பேச்சுரிமையின் ஒரு பகுதி. இதே சங்கம் தொடுத்த வழக்கில் 2002இல் வந்த தீர்ப்பின் பயனாகத்தான் வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். நாடாளுமன்றம் அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தப் பார்த்தது. 2003இல் அந்தப் பிரிவையே நீதிமன்றம் ரத்து செய்தது.

எதிர்ப்பக்கமும் வெறும் வாதமல்ல. யாரை ஆதரிக்கிறேன் என்பது என் அந்தரங்கம். அதற்காகத்தானே வாக்குப்பதிவே ரகசியமாக நடக்கிறது? வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் இதை ஒதுக்கித் தள்ளவில்லை. நன்கொடையிலும் அரசியல் சார்பு தெரிகிறது, அதற்கும் அந்தரங்கப் பாதுகாப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் அடிப்படை உரிமை நின்றால் எதை விடுவது, எதை எடுப்பது? இதற்கு ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் விகிதாசாரச் சோதனை. ஓர் உரிமையைச் சுருக்கும் நடவடிக்கை நியாயமான நோக்கத்துக்காகவா, அந்த நோக்கத்துக்கு உண்மையில் உதவுமா, இதைவிடக் குறைவாகக் கைவைக்கும் வழி இல்லையா, கிடைக்கும் பயன் இழப்புக்கு ஈடாகுமா என்று வரிசையாகக் கேட்பது. இங்கே அதை இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது, அறியும் உரிமையின் பக்கம் நின்று ஒரு முறை, அந்தரங்க உரிமையின் பக்கம் நின்று ஒரு முறை.

திட்டம் சறுக்கியது 'குறைவாகக் கைவைக்கும் வழி' என்ற படியில். கறுப்புப் பணம்தான் கவலை என்றால் சிறு தொகைகளுக்கு வங்கிப் பரிமாற்றம் இருக்கிறது. பெரிய தொகைகளுக்குத் தேர்தல் அறக்கட்டளை என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சிறு நன்கொடையாளரின் அந்தரங்கத்தையும் பழைய சட்டமே காத்துவந்தது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் பெயர் வெளியே வரும். அந்தக் கோட்டுக்குக் கீழே கொடுப்பவர் ஆதரவாளர் மட்டுமே. கோடிகளில் கொடுப்பவர் கொள்கையையே வளைக்கும் பலம் உள்ளவர். 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. லாப வரம்பை நீக்கியதும் செல்லாது என்றது.

வழக்கு அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. வாங்கியவர் விவரத்தையும் காசாக்கிய கட்சிகளின் விவரத்தையும் மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும் என்று வங்கிக்கு உத்தரவு. மார்ச் 4ஆம் தேதி வங்கி வந்து ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. காரணம்: 22,217 பத்திரங்கள். விற்ற விவரம் ஓர் இடத்தில், காசாக்கிய விவரம் வேறோர் இடத்தில், இரண்டும் சீலிட்ட உறைகளில். ஆக 44,434 தகவல் தொகுப்புகளைப் பிரித்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்றது. ஒப்பிடச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லையே என்றது நீதிமன்றம். மார்ச் 11 அன்று மனுவைத் தள்ளி மறுநாளே தரச் சொன்னது. மார்ச் 14 அன்று இரண்டு பட்டியல்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறின. ஒன்றில் தேதி, வாங்கியவர், தொகை. மற்றதில் தேதி, கட்சி, தொகை. எண் இரண்டிலும் இல்லை.

அந்தப் பட்டியல்களில் ஒரு புதிர் இருந்தது. வாங்கியவை 18,871, காசாக்கியவை 20,421. விற்றதைவிட 1,550 பத்திரங்கள் கூடுதலாகக் காசானது எப்படி? விடை பதினைந்து நாள் விதியில் இருக்கிறது. பட்டியல் தொடங்கியது 2019 ஏப்ரல் 12. அதற்கு முந்தைய பதினொரு நாளில் மட்டும், வங்கி சொன்ன 22,217இல் 3,346 பத்திரங்கள் விற்று, 1,609 காசாகியிருந்தன. மிச்சம் 1,737 பத்திரங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன. 1,737இல் 1,550ஐக் கழித்தால் 187. காசாக்கப்படாமல் நிவாரண நிதிக்குப் போனவை என்று வங்கி சொன்ன எண்ணிக்கையும் சரியாக 187தான்! கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது, விவரங்களைத் திரட்ட ஜூன் வரை ஆகும் என்றது ஏனோ என்று தோன்றாமலில்லை.

சரி, எண் இல்லாமல் இந்த இரண்டு பட்டியல்களையும் இணைக்க முடியாதா? 18,871ஐ 20,421ஆல் பெருக்கினால் சுமார் 38.5 கோடி ஜோடிகள். நொடிக்கு ஒன்றாகச் சரிபார்த்தாலும் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். தொகையையும் தேதியையும் வைத்துப் பெரும்பாலானவற்றைக் கணினி கழித்துவிடும் என்றாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. ஒரே வாரத்தில் நூறு கம்பெனிகள் வாங்கிய ஒரு கோடிப் பத்திரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எது எந்தக் கட்சிக்குப் போனதென்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. எண் கிடைத்ததும் நிலைமை தலைகீழ். ஒரு பட்டியலை எண் வரிசையில் அடுக்கி, நடுவில் பிரித்து, தேடும் எண் மேல் பாதியிலா கீழ்ப் பாதியிலா என்று கேட்டுக்கொண்டே போகலாம். 20,421 வரிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் பதினைந்தே கேள்விகள் போதும். மொத்தப் பட்டியலையும் சாதாரண மடிக்கணினி ஓரிரு நொடியில் இணைத்துவிடும். இரண்டு பட்டியலுக்கும் பொதுவான இத்தகைய எண்ணைத் தரவுத்தளக்காரர்கள் திறவு என்கிறார்கள்.

எண் எங்கே என்று மார்ச் 15 அன்று நீதிபதிகள் கேட்டார்கள். 18ஆம் தேதி, எதையும் மறைக்காமல் 21ஆம் தேதி மாலை 5 மணிக்குள் தரும்படி ஆணையிட்டார்கள். 2018இல் நிதி அமைச்சகம், அந்த எண் போலிகளைத் தடுக்கும் பாதுகாப்பு அம்சம் மட்டுமே, வாங்குபவரோடோ கட்சியோடோ சேர்த்து வங்கி அதைக் குறித்துவைப்பதில்லை என்று விளக்கம் தந்திருந்தது. மார்ச் 21 அன்று வங்கி ஒப்படைத்த இரண்டு பட்டியல்களிலும், ஒவ்வொரு வரியிலும், எண் இருந்தது. உண்மையில் திட்டத்தின் விதி 7(4) இதற்கு ஆரம்பத்திலேயே இடம் வைத்திருந்தது. நீதிமன்றம் கேட்டாலோ, குற்ற வழக்குப் பதிவாகிப் புலனாய்வு அமைப்பு கேட்டாலோ வாங்கியவர் விவரத்தை வங்கி தரலாம். ரகசியத்தை வடிவமைத்தவர்களே திறவையும் அச்சடித்துத் தந்திருந்தார்கள். அதை யார் கையில் கொடுப்பது என்பதுதான் வழக்கு.

எண் வந்த அன்று இரவே செய்தி அறைகள் ஜோடி சேர்க்கத் தொடங்கின. அதிகம் வாங்கிய நிறுவனம் கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதிகம் பெற்ற கட்சி பாரதிய ஜனதா, ஏறத்தாழ 6,060 கோடி. தமிழக வாசகர்களுக்கு இதில் ஒரு பகுதி முன்பே தெரிந்துவிட்டது. கட்சிகள் முன்னர் சீலிட்ட உறையில் கொடுத்திருந்த விவரங்களும் அந்த வாரமே வெளியாயின. கொடுத்தவர் பெயரைச் சொன்ன சில கட்சிகளில் திமுகவும் அதிமுகவும் இருந்தன. தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அதே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது என்றது திமுக.

எல்லாம் வெளிவரவில்லை. திட்டம் தொடங்கிய 2018 மார்ச் முதல் 2019 ஏப்ரல் 11 வரை சுமார் 4,000 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. அவற்றையும் வெளியிடக் கோரிய மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்சிகள் தாங்கள் பெற்ற பத்திரங்களின் விவரத்தைச் சீலிட்ட உறையில் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு 2019 ஏப்ரல் 12 அன்றுதான் வந்தது, அதுவே எல்லை என்றது. இதனால் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து காசான, குறைந்தது 1,550 பத்திரங்களுக்குப் பெற்ற கட்சி மட்டும் தெரியும், வாங்கியவர் தெரியாது. ஐக்கிய ஜனதா தளம் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிய கடிதமும் இந்த இருட்டில்தான் விழுகிறது. பாட்னா அலுவலகத்துக்கு யாரோ ஒருவர் வந்து ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார், பிரித்தால் உள்ளே தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள், கொடுத்தவர் யாரென்று தெரியாது என்றது அந்தக் கட்சி. உறை வந்த நாள் 2019 ஏப்ரல் 3, எல்லைக்கோட்டுக்கு ஒன்பது நாள் முன்பு. அந்தப் பத்திலும் புற ஊதா எண் உண்டு. வாங்கியவரின் பெயரும் முகவரியும் பாரத ஸ்டேட் வங்கியில் உண்டு.