மீன் தொட்டிக்கு அவ்ளோ உயரம் எதுக்கு?

போன எபிசோடுல மீன் தொட்டி செஞ்சு வாங்குறதைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டு விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்த கேள்வி பூரா ஒரே மாதிரிதான்: எத்தனை எம்எம் கண்ணாடி போடணும், டஃபன்ட் போடலாமா, ஓரம் இல்லாத தொட்டி தாங்குமா. எல்லாத்துக்கும் இன்னைக்கு பதில் சொல்லிடுறேன். முதல்ல ஒரு கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி, ராத்திரி ரெண்டே கால் மணி. கீழ் வீட்டு அங்கிள் பெல் அடிக்கிறார். "தம்பி, உங்க வீட்ல பைப் ஏதாவது திறந்து கிடக்கா?" பைப் இல்ல. ஹால்ல இருந்த என் தொட்டி. முன்பக்கக் கண்ணாடியோட கீழ் மூலைல சிலிகான் விட்டுப்போய், தண்ணி மெதுவா தரையெல்லாம் பரவி, அவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங் வழியா சொட்டிட்டு இருந்தது. மீன்களை பக்கெட்ல மாத்திட்டேன், அதுங்க பிழைச்சுது. சீலிங்குக்கு காசு கொடுத்தது நான்தான்.

தொட்டி செஞ்சு கொடுத்த அண்ணன் மேல தப்பில்ல. அது மூணு அடி நீளம், ஒரு அடி அகலம், ரெண்டு அடி உயரம். 8 எம்எம் கண்ணாடி, மேல பட்டி கிடையாது. ஆர்டர் கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "பட்டி வைக்கலன்னா வயிறு தள்ளும் தம்பி. இல்ல உயரத்தைக் குறைங்க." நான் போட்டோவுல பார்த்த மாதிரியே வேணும்னு அடம் பிடிச்சேன். பதினாலு மாசம் தாங்குச்சு. இன்ஜினியரிங்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதி பாஸ் பண்ண ஆள் நான். (சிரிப்பு)

அந்தப் பேப்பர்ல இருந்த விஷயம் இதுதான். தண்ணி கண்ணாடியைத் தள்ளுறதுக்கும் தொட்டில எத்தனை லிட்டர் இருக்குங்கிறதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. ஆழம்தான் முக்கியம். மேல்மட்டத்துல அழுத்தம் சுழியம், கீழே போகப் போக ஏறும். உயரத்தைக் கூட்டினா அழுத்தமும் கூடுது, அந்த அழுத்தம் படுற கண்ணாடிப் பரப்பும் கூடுது. உயரம் ரெண்டு தடவை கணக்குல வருது. அதனால உயரம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு.

என் பழைய தொட்டியையே எடுத்துக்கலாம். 90 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 60 உயரம். முழுசா நிரப்பினா 162 லிட்டர். முன்பக்கக் கண்ணாடி மேல விழுற மொத்த விசை கிட்டத்தட்ட 160 கிலோ எடைக்குச் சமம். ரெண்டு தடியான ஆளுங்க ராத்திரி பகலா சாஞ்சு நிக்கிற மாதிரி. இப்போ வச்சிருக்கிற தொட்டி 90 நீளம், 45 அகலம், 40 உயரம். பெருக்கிப் பாருங்க, அதே 162 லிட்டர். விசை 72 கிலோதான். ஒரு லிட்டர்கூட குறையல, கண்ணாடிக்கு பாரம் பாதிக்கும் கீழ வந்துடுச்சு.

பாக்குறதுக்கும் இதுதான் நல்லா இருக்கு. தண்ணிக்குள்ள இருக்கிற பொருள் ஒளிவிலகலால நமக்குக் கிட்ட தெரியும், கிட்டத்தட்ட முக்கால் தூரத்துல. ஒரு அடி அகலத் தொட்டி நேரா நின்னு பார்த்தா முக்கால் அடிதான் தெரியும். கல்லு, கட்டை, செடின்னு எதை வச்சாலும் சுவத்துல ஒட்டின மாதிரி இருக்கும். ஒன்றரை அடி இருந்தா முன்னாடி கொஞ்சம் மணல், பின்னாடி செடின்னு ஒரு ஆழம் கிடைக்கும். மேல்பரப்பும் ஒன்றரை மடங்கு, ஆக்சிஜன் கலக்க அவ்ளோ இடம். க்ளீன் பண்றப்ப கை அடி வரைக்கும் போகும். ரெண்டு அடி உயரத் தொட்டில அக்குள் வரைக்கும் நனைச்சாதான் அடில விழுந்த செடியை எடுக்கலாம்.

ஓரம் இல்லாத தொட்டி மேல இவ்ளோ ஆசை வரக் காரணமே ஜப்பான்காரர் தகாஷி அமானோதான். ஆனா அவர் கம்பெனியோட பிரபலமான 60 சென்டிமீட்டர் தொட்டியோட உயரம் 36தான். நாம ஓரம் இல்லாததை மட்டும் காப்பி அடிச்சோம், உயரத்தைக் கவனிக்கல.

சரி, எத்தனை எம்எம்? தகடு வளையாம நிக்கிற பலம் தடிமனோட மும்மடிக்கு ஏறும். 8ல இருந்து 10க்குப் போனா வளைவு கிட்டத்தட்ட பாதியாகும். என் சைஸுக்கு மேல பட்டி வச்சா 8 போதும். பட்டி வேண்டாம்னா 10 போடுங்க. அந்த 2 எம்எம்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

டஃபன்ட் கேக்குறவங்களுக்கு: அது உடையறதுக்கு முன்னாடி தாங்குற பலம் சாதா கண்ணாடியை விட பல மடங்கு அதிகம், உண்மைதான். ஆனா வளையறது? அதே தடிமன்ல ரெண்டும் ஒரே அளவுதான் வளையும். என் தொட்டில கண்ணாடி உடையவே இல்ல, வளைஞ்சு வளைஞ்சு சிலிகான்தான் கிழிஞ்சுது. டஃபன்ட் போட்டிருந்தாலும் கதை மாறியிருக்காது. அதுபோக, டஃபன்ட் ஆன பிறகு அதுல ஓட்டை போட முடியாது, வெட்ட முடியாது. உடைஞ்சா ஒரே நொடில பொடிப்பொடியா கொட்டும், தண்ணி மொத்தமும் ஹாலுக்கு வரும். சாதா கண்ணாடி விரிசல் விட்டா பெரும்பாலும் ஒழுகும், பக்கெட் தேட நேரம் கிடைக்கும். வீட்டுத் தொட்டிக்கு என் ஓட்டு சாதா கண்ணாடிக்கு.

எக்ஸ்ட்ரா கிளியர்னு விக்கிறது இரும்புச்சத்து குறைஞ்ச கண்ணாடி. பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அந்தப் பச்சைச் சாயல் இருக்காது, அவ்ளோதான். முன்பக்கம் மட்டும் போட்டுக்கோங்க. பின்பக்கம் எப்படியும் பாசி பிடிக்கும்.

சிலிகான் விஷயத்துல ஒண்ணு கண்டிப்பா கேளுங்க: பாத்ரூமுக்குப் பூசுறது வேண்டாம். அதுல பூஞ்சை வராம இருக்க மருந்து கலந்திருக்கலாம், மீனுக்கு ஆகாது. ஒட்டினதும் வினிகர் மாதிரி வாசனை வரும். அது சுத்தமா போற வரைக்கும், எப்படியும் சில நாள், தண்ணி ஊத்தக் கூடாது. இன்னொண்ணு, பழைய சிலிகான் மேல புது சிலிகான் சரியா ஒட்டாது. நான் அந்த மூலைல மேலோட்டமா பூசி, ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். மூணாம் நாள் திரும்ப சொட்டு. ரிப்பேர்னா அந்த ஜாயின்ட்டை முழுசா சுரண்டி எடுத்துட்டு புதுசா ஒட்டணும்.

ஆர்டர் கொடுக்கும்போது அளவு உள்ளளவா வெளியளவான்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. 10 எம்எம் கண்ணாடில ரெண்டு பக்கமும் சேர்த்து 2 சென்டிமீட்டர் வித்தியாசம், ஸ்டாண்டுல உட்காராது. தண்ணி, கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்த்தா என் தொட்டி 230 கிலோவைத் தாண்டும். அதனால ரூமுக்கு நடுவுல வைக்காம, பீம் ஓடுற சுவரை ஒட்டி வச்சிருக்கேன். ஸ்டாண்டை ரசமட்டம் வச்சு சரி பாருங்க. ஒரு மூலை தூக்கி இருந்தா கண்ணாடி முறுக்கிக்கும். அடிக்கண்ணாடி முழுசா ஸ்டாண்டுல படுற மாதிரி தொட்டின்னா, கீழ தெர்மாகோல் ஒரு ஷீட் போடுங்க.

புதுத் தொட்டி வந்ததும் பால்கனில வச்சு நிரப்பி, கீழ நியூஸ்பேப்பர் விரிச்சு ரெண்டு நாள் விட்டேன். பேப்பர்ல ஒரு துளி ஈரம் இல்ல. கீழ் வீட்டு அங்கிள் படியேறி வந்து, அவரும் ஒரு தடவை பேப்பரைத் தொட்டுப் பாத்துட்டு, "சரி, உள்ள எடுத்து வச்சுக்கோ"ன்னார்.

அடுத்த எபிசோடுல ஃபில்டர். பாக்கலாம்.